ஒன்றரை அங்குலம்

எங்கள் வீட்டை லிண்டல் உயரம் வரை கொண்டுவந்த கன்ட்ராக்டருக்குச் சிங்கப்பூர் விசா வந்துவிட்டது. ஒரு காலையில் லட்டுப் பொட்டலமும் கையுமாக வந்தார். கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் மேலே ஒரு பட்டை காங்கிரீட் ஓடியிருந்தது. அதற்கு மேலே வானம்தான். அந்த வானத்தின் கீழே நின்றுகொண்டு சொன்னார்.

"தங்கச்சி, பதினஞ்சு நாள்ல ஏறணும். ஏஜென்டு சொல்லிட்டாரு."

"அப்ப இந்த வீடு?"

அவர் நாலு பக்கமும் பார்த்தார். நாலு சுவரும் அவரைப் பார்த்தன. "செவுரு நல்லா நிக்கிது," என்றார். "மேல போறதுதான பாக்கி."

"மேல பறக்கப்போறது நீங்க. வீடு கீழயேல்ல கெடக்கு."

சிரித்தார். நல்ல மனிதர். லட்டும் நல்ல லட்டு. அதைத் தின்றுகொண்டேதான் நான் அழுதேன் என்று நினைக்கிறேன், அல்லது அழுதுகொண்டே தின்றேன். எது முதலில் என்று இப்போது நினைவில்லை.

என் கணவர் அதே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். கடைத்தெருவில் போன் பேசும் கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து அவரிடம் சொன்னேன்.

"அந்த ஆளா? இங்கயா வர்றாரு? வரட்டும் வரட்டும், ஞாயித்துக்கெழம நம்ம ஆளுங்க கூடுற தேக்காவுல புடிச்சுக்கறேன்."

"புடிச்சு? அங்கேருந்தே செவுரு கட்டுவாராமா?"

கடலுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வர ஒரு நொடி தாமதமாகும். அந்த ஒரு நொடியில் நான் முடிவு செய்துவிட்டேன். "நானே கட்டிக்கிறேன்," என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் இப்படித்தான் இருந்தது. ஆண்கள் போனார்கள், வீடுகள் வந்தன. ஆற்றில் தண்ணீர் வருகிற மாதிரி, விசாவும் எந்த மாதம் வரும், யார் வயலுக்கு முதலில் பாயும் என்று சொல்ல முடியாது. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க அலைந்த கதையைப் பெரியவர்கள் சொல்ல, எங்கள் தெருமுனையிலேயே ஒரு சிமெண்ட் கடை திறந்து, மைக் செட் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகத் தலையைக் கழற்றிவிட்டுத் தட்டைத் தலை வைத்துக்கொண்டன. மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. குவைத் வீடென்றால் அது கொஞ்சம் பெரிய தொட்டி.

வீட்டுக் கன்ட்ராக்டர் ஆவதற்கு என்று ஊரில் பள்ளிக்கூடம் ஏதுமில்லை. கொத்து வேலையில் கரணை பிடித்தே வந்தவர் ஒருவர். தளம் வார்க்கும்போது அடியில் தாங்குகிற சென்ட்ரிங் தகடுகளை வாடகைக்கு விட்டு விட்டு, தகடு போகிற வீட்டுக்கெல்லாம் தானும் போய்ப் பழகி, கடைசியில் வீட்டையே எடுத்துக்கொண்டவர் இன்னொருவர். சிவில் டிப்ளமா முடித்து அரசாங்க வேலைக்குக் காத்திருந்து சலித்தவர், லாரியில் மணல் அடித்தவர், மாமனார் செங்கல் சூளை வைத்திருந்தவர். ஆளுக்கொரு சந்து வழியாக வந்து எல்லோரும் ஒரே தெருவில் நின்றார்கள். நான் வந்த சந்து தையல் மிஷின். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் நான். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பு டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். மற்றபடி என்னிடம் எதுவும் மாறவில்லை என்றுதான் நினைத்தேன்.

கன்ட்ராக்டர் விட்டுப்போனவற்றில் உருப்படியானது அவருடைய கொத்தனார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வாயில் எப்போதும் ஒரு துண்டு நூல் மென்றுகொண்டிருப்பார். முதல் நாள் காலையில் வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, நாங்க அளவ யாருட்ட கேக்குறது?"

"என்ட்ட கேளுங்க தம்பி."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க கேளுங்க. தெரியுமான்னு அப்பறம் பாப்போம்."

நூலை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே, பெரிய அதிகாரி மாதிரி, நின்றிருந்த சுவர்களை எல்லாம் டேப் வைத்து அளந்தேன். படுக்கை அறை பத்தடி என்று பேச்சு. டேப் பத்தடி ஒன்றரை அங்குலம் காட்டியது. ஹாலிலும் அதே ஒன்றரை அங்குலம் அதிகம். அட, நூல் பிடிக்கத் தெரியாத மனுஷனிடமா வீட்டைக் கொடுத்தோம் என்று கணவருக்குக் கடிதமே எழுதினேன். ஒரு ரவிக்கையில் ஒன்றரை அங்குலம் தப்பினால் ஊரில் தலைகாட்ட முடியுமா என்று கேட்டு அடிக்கோடும் போட்டிருந்தேன். அந்தக் கடிதத்தை அவர் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார். எதற்கு என்று பின்னால் தெரியும்.

வீடு வளர்ந்தது. தளம் போட்ட நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

காங்கிரீட் காத்திருக்காது. கலவை மிஷின் ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால், தளம் முழுக்க நிரம்புகிற வரை நிற்கக் கூடாது. மிஷினின் வாயிலிருந்து மாடி வரைக்கும் சாரத்தில் பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். நிரம்பிய சட்டி மேலே போகும், காலிச் சட்டி பறந்து கீழே வரும். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர். ஒருத்தி கேலி பேச, அந்தக் கேலி சட்டியோடு சட்டியாக மேலே ஏறி, மாடியில் இருப்பவள் பதில் சொல்ல, அது காலிச் சட்டியோடு கீழே வந்தது. என் மாமியார் கொண்டுவந்த மோரைக் குடிக்கக்கூட ஒருவரும் வரிசையை விடவில்லை. நான் மேலே நின்று, மட்டப்பலகை இழுபட இழுபட ஈரமாக, சாம்பலாக, வழவழவென்று ஒரு தரை வானத்தில் உண்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எல்லோருக்கும் கறிச்சோறு. இலை போட்டு நானே பரிமாறினேன். கையிலிருந்த சிமெண்ட் போகவேயில்லை.

மறுநாள் தளத்தின் மேல் களிமண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். காங்கிரீட் தண்ணீர் குடித்துத்தான் இறுகும். சித்தாள் பெண்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாத்தி பாத்தியாக வரப்புப் போட்டு, மடை திறந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார்கள். என் வீட்டின் தலையில் ஒரு வயல்! மூன்றாம் நாள் அதில் இரண்டு கொக்குகள் வந்து இறங்கி, மீன் தேடி, ஏமாந்து, இருந்தும் போகாமல் நின்றன. நான் படியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வீடு கட்ட வேண்டும், இன்னொன்று, அதற்கப்புறம் இன்னொன்று என்று உடம்பெல்லாம் அரித்தது.

அந்தக் கொக்குகளைக் கீழே தெருவிலிருந்து இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். லுத்தரன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். அந்தப் பெண்ணின் நர்சிங் படிப்பு முடிகிற வரை அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் நான்.

"என்னம்மா, மாடியில சம்பாவா, குறுவையா?" என்றார்.

"கொக்கு மட்டும்தான் சார் வெளைஞ்சிருக்கு."

"வாய்க்காலுக்கு இந்தாண்ட மனை ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கோம்ல. வீடு கட்டணுமாம். பாப்பா போன்ல சொல்லிட்டுது. ப்ளவுஸ் தைக்கிற அக்காவே கட்டட்டும்னு."

நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன்.

கணவரிடம் போனில் சொன்னபோது அந்த ஒரு நொடித் தாமதம் மூன்று நொடியாயிற்று. "நம்ம வீடுன்னா கோணலா இருந்தாலும் குடியிருந்துக்கலாம்," என்றார். "அடுத்தவங்க வீடு அப்படி இல்ல புள்ள. ஒண்ணு கட்டிப் பாரு. அதுல கெட்ட பேரு வந்தா, அத்தோட நிறுத்திக்கணும். சரியா?"

சரி என்றேன். ஆக, ஒரே ஒரு வீடு. அது நேராக வந்தால் நான் கன்ட்ராக்டர். இல்லையென்றால் பழையபடி ரவிக்கை. எங்கள் தெருவில் புருஷன்மார் வெளிநாட்டில் இருக்கிற இரண்டு பெண்கள், மனையையும் ஆசையையும் வைத்துக்கொண்டு, இந்த வீடு எப்படி முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். காய்கறி வாங்கப் போகிற சாக்கில் தினமும் அந்தப் பக்கம் ஒரு நடை வருவார்கள்.

கொத்தனார் வந்தார். வேலை மளமளவென்று நடந்தது. பதினோரடி அகலத்தில் நீண்ட ஒரு ஹால், பின்னால் சமையலறை, குளியலறை. மகள் கேட்டதே அவ்வளவுதான். தளமும் போட்டு, வரப்பும் கட்டி, கொக்கும் வந்து போயிற்று. இந்த முறை ஒரு கொக்குதான். அப்போதுதான் குவைத்திலிருந்து போன். வாத்தியார் என்னையும் கூண்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்.

"அக்கா, ஒரு ஆச," என்றாள் அவள். "இங்க ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல ஆறு பேரு. ஒருத்திக்கு அலாரம் அடிச்சா ஆறு பேரும் எந்திரிக்கணும். ஊர்லயும் எனக்குன்னு ரூம் இருந்ததில்ல. ஹால்ல ஒரு பக்கம் தடுத்து, கதவு வச்சு, நான் உள்ளேருந்து தாப்பா போட்டுக்கிற மாதிரி ஒரு ரூம் பண்ணித் தர்றீங்களா?"

"பண்ணிட்டாப் போச்சு."

"எம்மாம் பெருசு வரும்?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். "பத்தடி இருந்தா நல்லாருக்கும்," என்றார் அவர் கூரையைப் பார்த்தபடி. "சாஸ்திரத்துக்காகச் சொல்லல. நமக்கு அதெல்லாம் கெடையாது. ரவுண்டா இருக்கட்டும்னுதான்."

எங்கள் பக்கம் அறையின் உள்ளளவுக்கு அடிக்கணக்கு உண்டு. எட்டு நல்லது, பத்து நல்லது, பதினொன்று நல்லது, பதினாறு மிக நல்லது. ஒன்பது ஆகவே ஆகாது. படுப்பவரின் ஆயுளுக்கு ஆகாது என்பார்கள். பத்துக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் அது ஒன்பதுக் கணக்குதான். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும், மளிகைக்கடை தருகிற தினசரிக் காலண்டர் அட்டையின் முதுகிலும் போட்டிருக்கும். வாத்தியார் வீட்டு முன்னறையில் சபைக் காலண்டர்தான் தொங்கியது. மளிகைக்கடைக் காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை நான் பார்க்காதது போலவே அதுவரை இருந்தேன்.

தடுப்புச் சுவர் என்பதால் தளத்தைத் தாங்கும் வேலை அதற்கில்லை. செங்கலைக் குறுக்கே வைக்காமல் நீளவாக்கில் வைத்து, அரைக்கல் கனத்தில், நாலரை அங்குலத்தில் எழுப்பினால் போதும். அந்தக் காலையில் ஹாலில் ஏகக் கூட்டம். காய்கறிப் பையோடு அந்த இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். கொத்தனார் நூலோடு குந்தியிருந்தார்.

"அக்கா, பத்தடி எதுலேருந்து எதுக்கு?"

"இந்தச் செங்கல்லேருந்து அந்தச் செங்கலுக்கு. பத்துன்னா பத்துதான் தம்பி. பத்தும் கொசுறுமா கட்டிட்டுப் போனாரே ஒங்க பழைய கன்ட்ராக்டரு, அந்தக் கதையெல்லாம் இங்க வேணாம்."

அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கொத்தனார் வாயில் இருந்த நூலை எடுத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் சொல்லாமல், நூலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு, நான் சொன்ன இடத்தில் முதல் கல்லை வைத்தார்.

சுவர் எழும்பியது. கதவு நிலை வைத்த அன்று போதகர் வந்து ஜெபம் செய்தார். பிறகு பூச்சு வேலை. பூசிய சுவர் காய்ந்து வரும்போது ஒரு மணம் வரும். முதல் மழைக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம். தரை ஒன்றுதான் பாக்கி. மகள் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நாற்பது நாள் லீவு. அவள் வந்து சேர்ந்ததும் வருகிற ஞாயிறு வீடு குடிபுகுதல் என்று சபையில் அறிவித்தும் விட்டார்கள்.

மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் நான் உள்ளே நுழைந்தேன். புது அறையில் வாத்தியார் மண்டியிட்டிருந்தார். ஜெபம் செய்கிறார் என்று சத்தமில்லாமல் திரும்பிப் போகப் பார்த்தேன். இரும்பு டேப் சரக்கென்று சுருண்டுகொள்ளும் சத்தம் கேட்டது.

"சார்?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பென்சில் விழுந்துட்டுது."

"டேப்பால தேடுறீங்களா?"

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டினார். தட்டத் தட்டத் தூசி அதிகமாகிக்கொண்டே போனது. "ஒம்போதடி பத்தரை," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "காலையில அளந்தேன். அப்பவும் ஒம்போதடி பத்தரை. வெயில் ஏறினா கூடுமோன்னு இப்ப ஒருதரம் பாத்தேன்."

கணக்கு வாத்தியார். சுவர் வெயிலில் நகரும் என்று நம்புகிற அளவுக்கு அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது.

நான் டேப்பை வாங்கி அளந்தேன். ஒன்பதடி பத்தரை அங்குலம். மறுபடி அளந்தேன். டேப்புக்கு என்னைப் பிடிக்கவில்லை.

"பரவால்லம்மா," என்றார். "நாங்க இதெல்லாம் பாக்குறதில்ல. கர்த்தர் இருக்காரு. அவ என்ன, நாப்பது நாளு படுக்கப்போறா..." பாதியிலேயே நிறுத்தி, ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்தார்.

கொத்தனார் சாப்பிட்டுவிட்டு வந்தார். எதுவும் கேட்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது. விரலால் சுவரில் தட்டினார்.

"பூச்சு அக்கா. இந்தச் செவுத்துல முக்கா அங்குலம். எதுத்த செவுத்துல முக்கா அங்குலம். ஒன்றரை தின்னுட்டுது."

"அப்ப பழைய கன்ட்ராக்டர் எங்க வீட்ல..."

"பூச்சுக்கு விட்டுக் கட்டுனாரு. எல்லாருமே அப்படித்தான் கட்டுவாங்க. இப்ப ஒங்க வீட்ட அளந்து பாருங்க, சுத்தமா பத்து இருக்கும்." பிறகு கேட்டார். "ஏங்க்கா, ப்ளவுஸ் வெட்டுறப்ப தையலுக்குத் துணி விடுவீங்கள்ல?"

அந்த இடத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினேழு வயதிலிருந்து தையலுக்கு விட்டுத்தான் வெட்டுகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கத்தரியைக் கொடுத்தாலும் விடுவேன். வீடும் உடுப்புத்தான், அதற்கும் உள்பக்கம் மடிப்பு வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. சொல்லப்போனால், அளந்து பார்த்த அன்றே தோன்றியிருக்க வேண்டும். ஊரிலேயே எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

"அப்பறம் ஏன் தம்பி அன்னிக்குச் சொல்லல?"

"ஒருதரம் கேட்டேன். நீங்க அடிச்சுச் சொன்னீங்க. கன்ட்ராக்டர் அடிச்சுச் சொன்னா நாங்க ரெண்டாந்தரம் கேக்குறதில்ல. எங்க வேலப் பழக்கம் அது."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தச் சொல் காதில் விழுந்துவிட்டது. கன்ட்ராக்டர். முதல்முதலாக ஒருவர் என்னை அப்படிச் சொல்கிறார். அதுவும் நான் செய்த தப்பைச் சொல்கிற வாக்கியத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. வாத்தியார் முன்னால் சிரிக்கக் கூடாது என்று அடக்க அடக்க, தோள் குலுங்கியது. அவர் நான் அழுகிறேன் என்று நினைத்து, "அழுவாதம்மா, விடு, விடு," என்றார். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்துவிட்டு ஹால் பக்கம் போய் அளந்தேன். பதினாறடி ஒன்றரை அங்குலம்.

"திருட்டுப்போன சாமான் பக்கத்து ரூம்லதான் இருக்கு," என்றார் கொத்தனார். "செவுத்த ஒன்றரை அங்குலம் அந்தாண்ட தள்ளுனா, இது பத்து, அது பதினாறு. ரெண்டும் அம்சமா ஒக்காந்துரும்."

"தள்ளுறதுன்னா?"

"கையால தள்ளுனா வராது. இடிக்கணும்."

பதினோரடி நீளச் சுவர். பூசி, காய்ந்து, மணம்கூடப் போகாத சுவர். கதவு நிலையோடு சேர்த்து இடித்து, ஒன்றரை அங்குலம் தள்ளி, திரும்பக் கட்டுவது. தெரு சிரிக்கும். காய்கறிப் பைகள் இரண்டும் வேறு கன்ட்ராக்டரைத் தேடிப் போகும். இடிக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. வாத்தியார் வாயே திறக்க மாட்டார். மகள் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குவாள். அவர் மட்டும் வெளியே, சுவர் வெயிலில் நகர்ந்ததா என்று வருஷம் முழுக்க அளந்துகொண்டிருப்பார்.

"இடிங்க," என்றேன். "என் பொறுப்பு. சார், நீங்க வேணாம்னு சொல்லக் கூடாது."

"சாஸ்திரத்துக்காகன்னா நான் வேணாம்னுதாம்மா சொல்லுவேன்," என்றார் வாத்தியார் விறைப்பாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "அளவு தப்புன்னா அது வேற விஷயம். கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார்.

மறுநாள் காலையில் சம்மட்டி விழுந்தது. முதல் அடியிலேயே தெரு கூடிவிட்டது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, "ஏங்க்கா, கட்டுறதுக்கா வந்தீங்க, இடிக்கிறதுக்கா?" என்றாள்.

"ரெண்டுந்தான். ஒங்க வீட்டுக்கு எது வேணும்?"

இடித்த அன்றோடு சித்தாள்கள் நின்றுவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. சம்பா நடவு. எங்கள் ஊரில் நடவு வந்துவிட்டால் கட்டட வேலைக்குப் பெண்ணாள் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. வீட்டை ஒரு மாதம் தள்ளிக் கட்டலாம், நாற்றைத் தள்ளி நட முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் ஆட்கள் வரிசையாகக் குனிந்து நின்று கையசைத்தார்கள். சாந்துச் சட்டியை நான் தூக்கினேன். இடித்த செங்கலில் ஒட்டிய பூச்சை வாத்தியார் சுத்தியால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்து அடுக்கினார். பத்துப் பத்தாக அடுக்கிக் கணக்குச் சொன்னார். ரிட்டையர் ஆன பிறகு அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

கொத்தனார் நூல் பிடித்தார். குந்தியவர் தலையைத் தூக்கிக் கேட்டார்.

"அளவு?"

"பத்தடி ஒன்றரை அங்குலம். செங்கல்லேருந்து செங்கலுக்கு. பூச்சுக்கு விட்டு."

"அளவு?" என்றார் இரண்டாம் தரம், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"ஏய், கட்டுய்யா!"

வாத்தியார் கையிலிருந்த செங்கலை நழுவவிட்டுச் சிரித்தார்.

சுவர் இடுப்பு உயரம் வந்தபோது வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. டிக்கெட் மூன்று நாள் முன்னதாகவே கிடைத்துவிட்டதாம். கயிறு சுற்றிய இரண்டு பெட்டிகள், ஒரு போர்வைப் பை, நடுவில் அவள். புது வீட்டின் உள்ளே அவள் கண்ட காட்சி: இடுப்பளவுச் சுவர். அதற்கு ஒரு பக்கம் தலை முதல் கால் வரை செம்மண் நிறத்தில் அவள் அப்பா, மறுபக்கம் சாந்துச் சட்டியோடு நான்.

"அப்பா, ரூம் ரெடின்னுல்ல சொன்னீங்க?"

"ரெடியாத்தான் இருந்துச்சு பாப்பா," என்றார். "ஒடச்சுட்டோம்."

அவள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். நான் சொன்ன அளவு, கொத்தனார் கேட்ட கேள்வி, பூச்சு, ஒன்றரை அங்குலம், எல்லாம். சாஸ்திரம் என்ற சொல் வரும் இடத்தில் வாத்தியார் இருமினார். அதை மட்டும் தாண்டிப் போனேன். இதோ, ரவிக்கைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒன்றரை அங்குலத்துக்கா இந்தச் செவுத்த இடிச்சீங்க?"

"ஆமா."

"நீங்களாவா? யாரும் சொல்லாமயா?"

"ஆமா."

அவள் எழுந்து வந்து சுவரின் மேல் கையை வைத்தாள். கல் ஈரமாக இருந்தது. "ஊசி மருந்துல ஒன்றரை மில்லி கூடிப்போச்சுன்னா, நாங்க அப்படியே கீழ கொட்டிட்டு வேற எடுப்போம் அக்கா. யாரும் பாக்கலன்னாலும் கொட்டிருவோம். பாக்கலன்னாத்தான் கண்டிப்பா கொட்டணும்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நீங்க ஏம்ப்பா இருமுறீங்க?"

"தூசி பாப்பா."

அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே ஒரு சட்டியைத் தூக்கினாள். தன் அறைக்குத் தானே சாந்து சுமந்தாள். ஜன்னலுக்கு வெளியே நடவுக்காரிகள் நிமிர்ந்து பார்த்து, "குவைத்துச் சித்தாளு வந்துட்டுது டோய்!" என்று கூவினார்கள். அவளும் சட்டியை ஆட்டிப் பதிலுக்குக் கூவினாள். நிலையை இரண்டாம் முறை நிறுத்தினோம். போதகர் சொன்ன ஜெபம் நிலையில் அப்படியே இருக்கிறதா, சுவரோடு போய்விட்டதா என்று கொத்தனார் கவலைப்பட்டார். வாத்தியார் கண்ணை மூடி, எதற்கும் இருக்கட்டும் என்று, சின்னதாக இன்னொன்று சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூச்சு முழுக்கக் காயவில்லை, தரை பாதிதான் போட்டிருந்தது. பாய் விரித்து மறைத்தோம். பாட்டு, ஜெபம், எல்லோருக்கும் சாப்பாடு. கூட்டம் இலையைத் தேடி வெளியே போன நேரத்தில் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வாத்தியார் புது வேட்டியோடு மண்டியிட்டிருந்தார். இந்த முறை டேப்பை மறைக்கவில்லை. ஒரு நுனியை என்னிடம் நீட்டினார். நான் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"சுத்தமா பத்து," என்றார்.

"சரியா சார்?"

"நாங்க இதெல்லாம் பாக்குறதில்லம்மா," என்று சொல்லிக்கொண்டே ஹாலை அளக்கப் போனார்.

அன்று மத்தியானம் அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சத்தமாகப் போட்டாள், எல்லோருக்கும் கேட்கட்டும் என்பது போல. சாயங்காலம் வரை கதவு திறக்கவில்லை. நாங்கள் வெளியே கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். திறந்தபோது கன்னத்தில் பாய்க் கோடு பதிந்திருந்தது. "ஒரு அலாரமும் அடிக்கல அக்கா," என்றாள்.

சிங்கப்பூரில் தேக்காவில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், என் கணவர் நான் எழுதிய பழைய கடிதத்தைப் பழைய கன்ட்ராக்டரிடம் படித்துக் காட்டினாராம். அந்த மனிதர் நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாராம். "தங்கச்சிட்ட சொல்லுங்க, ஒன்றரை அங்குலம் அவங்களுக்கு லட்டோட குடுத்த சீதனம்னு," என்றாராம். கணவர் இதைச் சொல்லிவிட்டு, "அடுத்த வீடு யாருது?" என்று கேட்டார். நிறுத்திக்கணும் என்ற பேச்சு எங்கே போயிற்று என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த வீடு எங்கள் தெருவில் வரவில்லை. குவைத்திலிருந்து வந்தது. லீவு முடிந்து போனவள் ஹாஸ்டலில் கதை சொல்லியிருக்கிறாள். அந்த அறையின் மற்ற ஐந்து பேரில் ஒருத்திக்கு நாகப்பட்டினம் பக்கம் ஊர். 'ஒன்றரை அங்குலத்துக்குச் சுவரை இடித்த அக்கா' என்று உறையின் மேல் எழுதி, வாத்தியார் வீட்டு முகவரிக்குக் கடிதம் போட்டிருந்தாள். உள்ளே ஒரே வரிதான்: எனக்கும் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு ரூம் வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் காய்கறிப் பைகள் இரண்டும் அவசரமாக என் வாசலுக்கு வந்தன.

நாகப்பட்டினத்து மனையில் முளைக்குச்சி அடித்த காலையில் கடல் காற்றில் நூல் நேராக நிற்க மறுத்தது. கொத்தனார் குந்தியிருந்தார். வாயில் நூல்துண்டு. தலையைத் தூக்கினார்.

"அளவு சொல்லுங்க கன்ட்ராக்டரே. ரெண்டு தரம் கேப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

"மூணு தரம் கேளுங்க," என்றேன்.